படத்தின் ஓரத்தில் ஒரு கை

கட்டு தளர்ந்திருக்கிறது என்று பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள். அங்காளம்மாள் அத்தையின் உச்சந்தலையில் போட்டிருந்த முடிச்சை அவிழ்த்தாள். பேண்டேஜ் துணியை மோவாய்க்கு அடியில் மறுபடி கொடுத்து, இரண்டு காதுகளையும் ஒட்டினாற்போல் மேலே இழுத்து இறுக்கினாள். இறுக்கும்போதே வலிக்குமே என்று கை தானாக இளகிவிட்டது. முன்னே கட்டியபோதும் இப்படித்தான் ஆனது. ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து அழுத்துவது, படுக்கையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டுவது எல்லாவற்றையும் வலிக்காமல் செய்து செய்து பழகிய கை. இனி வலிக்காது என்பது மனதுக்குத் தெரிந்துவிட்டது. கைக்கு இன்னும் தெரியவில்லை.

துணி சத்திரப்பட்டித் தறியில் நெய்தது. அத்தையின் வயிற்றில் கட்டுப் போடுவதற்காக ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடையில் வாங்கியது. கட்டி முடித்தபிறகும் ஒரு சுருள் மிச்சம் கிடந்தது. அதில் கிழித்துத்தான் கால் பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டியிருந்தாள்.

அத்தை இருளம்மாள் ஆஸ்பத்திரியிலேயே விடிவதற்குள் அடங்கிவிட்டாள். வேன் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுவந்து, மடவார் வளாகத்து ஓட்டு வீட்டின் நடுக்கூடத்தில் பெஞ்சுப் பலகையில் கிடத்தியபோது, வைத்தியநாத சுவாமி கோயிலில் மார்கழிப் பாட்டு போட்டிருந்தார்கள். அங்காளம்மாள் வீட்டுக்குள் நுழைந்ததும் செய்த முதல் காரியம், சாமி படங்களை ஒவ்வொன்றாகச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டியதுதான். தீட்டு வீட்டில் சாமி பார்க்கக்கூடாது. அதற்குப் பிறகு அவள் உட்காரவே இல்லை. உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்று பயமாக இருந்தது.

"ஏட்டி அங்காளு, செத்த விலகு. போட்டோக்காரர் வந்திருக்காரு."

அவளுடைய அப்பா சேதுபதி. ராஜபாளையம் ஸ்டேஷனில் ஏட்டு. செத்துக் கிடப்பவள் அவருக்குக் கூடப்பிறந்த அக்கா. பட்டாளத்தில் இருக்கும் அக்கா மகன் கருத்தப்பாண்டிக்குத்தான் அங்காளம்மாளைக் கொடுத்திருந்தது. டியூட்டியிலிருந்து நேரே வந்தவர், காக்கிக் கால்சட்டைக்கு மேலே வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பின்னால் வாசலில் ஒல்லியான மனிதர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கேமரா பையுடன் நின்றார். ராஜபாளையத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் சமுத்திரம். அவர் முதலில் பிணத்தைப் பார்க்கவில்லை; வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தார்.

"போட்டோ வேண்டாம்ப்பா" என்றாள் அங்காளம்மாள்.

"என்னது?"

"அத்தைய போட்டோ எடுக்கக் கூடாது."

கூடத்தில் அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்தி நிமிர்ந்தார்கள். சேதுபதி குரலைத் தாழ்த்தினார். அவர் குரல் தாழ்ந்தால்தான் ஸ்டேஷனில் எல்லாரும் பயப்படுவார்கள்.

"சேதி கெடச்சு உம் புருசன் ஸ்டேஷனுக்குப் போன் போட்டான் தாயி. எங்க எங்கயோ லைன் புடிச்சு, பாதி கேக்குது, பாதி கேக்கல. பனி விழுந்து பாதை அடைச்சுக் கெடக்காம். வர ஏலாது மாமான்னு அழுதான். நான் அவன் அழுது கேட்டதில்ல. 'ஆத்தா மூஞ்சிய ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க மாமா, அது போதும்'னான். நானும் சரின்னுட்டேன். இப்ப நீ குறுக்க நிக்க."

"அத்தைக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

"எப்ப?"

"ஆஸ்பத்திரியில வச்சு."

அது ஒரு சாயங்காலம். ரசம் சோற்றை இரண்டு வாய்க்கு மேல் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு அத்தை அவள் கையைப் பிடித்தாள். பிடியில் அத்தனை பலம் இருந்தது அங்காளம்மாளுக்கு ஆச்சரியமாக இருந்தது. 'நான் போன பொறவு எவனாவது போட்டோப் பொட்டியத் தூக்கிட்டு வருவான். எம் மூஞ்சியப் புடிக்க விட்டுராத, அங்காளு. சத்தியம் பண்ணு' என்றாள். ஏன் அத்தை என்று கேட்டதற்கு, மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அங்காளம்மாள் சரி என்று அவள் தோளைத் தொட்டுச் சொன்னாள்.

காரணம் கேட்கத் தேவையில்லை என்றுதான் அன்று அவளுக்குத் தோன்றியது. ஊருக்கே தெரிந்த காரணம். சின்ன வயதில் பெரியம்மை வந்து பிழைத்தவள் இருளம்மாள். நெற்றியிலிருந்து கழுத்துவரை மழை விழுந்த மணல்போல இருக்கும் முகம். கருத்தப்பாண்டியின் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவில், மாப்பிள்ளையின் அம்மா நிற்கவேண்டிய இடத்தில் தூணுக்குப் பின்னால் சேலைத் தலைப்பு மட்டும் தெரியும். அவன் பட்டாளத்திலிருந்து முதல் லீவில் கேமரா கொண்டுவந்தபோது, சாணி அள்ளப் போகிறேன் என்று மாட்டுக்கொட்டடிக்குள் போனவள் இருட்டும்வரை வெளியே வரவில்லை.

"எங்க அக்காளுக்கு எப்பவும் அந்த வெக்கந்தான்" என்றார் சேதுபதி, சமுத்திரத்திடம். "அம்மை வெளையாடின மூஞ்சி. நானும் எம்புட்டோ சொல்லிப் பாத்தேன். 'எங்க ஸ்டேஷன்ல திருட்டுப் பயலுக கூட நேரா நின்னு போட்டோ புடிக்கானுக, உனக்கென்ன கேடு'ன்னு கேட்டேன். சிரிப்பா. அதோட சரி."

பெண்களில் ஒருத்தி வாய்க்குள் சிரித்து, உடனே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ உசுரோட இருக்கையில வெக்கப்பட்டா, சரி. இப்ப என்ன வெக்கம்? ஏட்டி, அங்க ஒருத்தன் பனிக்குள்ள உக்காந்து அழுதான். அவன் பெத்தவ மூஞ்சிய இனிமே எதுல பாப்பான்?"

கருத்தப்பாண்டியின் டிரங்குப் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் என்னென்ன ஒட்டியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஆண்டாள் படம் ஒன்று. கல்யாணத்தில் எடுத்த அவளுடைய படம் ஒன்று. நடுவில் வெறும் தகரம். 'எல்லாவனும் அம்மா படம் ஒட்டிருக்கான். நான் ஆத்தாவுக்கு எடம் மட்டும் விட்டுருக்கேன்' என்று போன லீவில் சிரித்துக்கொண்டே சொன்னான். ஒரு பக்கம் அந்தத் தகரம். இன்னொரு பக்கம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தன் கையைப் பிடித்த அந்தப் பிடி. எதை விட்டாலும் துரோகம். ஒரு நிமிஷம், யாராவது இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டால் போதும், செய்துவிட்டுப் படுத்துக்கொள்வோம் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டாள்.

"நான் வேணா வெளிய இருக்கேன், ஏட்டையா" என்றார் சமுத்திரம். "நிதானமாப் பேசிக்கோங்க. குளிப்பாட்டி மஞ்சத் தேச்சபொறவு எடுத்தாலும் சரி, முன்னாடி எடுத்தாலும் சரி. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

வெளியே கவிழ்த்துப் போட்ட உரலின் மேல் இருளம்மாளின் புருஷன் முத்துவீரன் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து யாரோடும் பேசவில்லை. போட்டோக்காரருக்கென்று பக்கத்து வீட்டிலிருந்து ஒரு டம்ளர் டீ வந்தது. சமுத்திரம் அதை வாங்கி, கிழவர் கையில் வைத்து, அவர் விரல்கள் டம்ளரைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தபிறகு விட்டார். முத்துவீரன் குடித்தார். காலையிலிருந்து அவர் வாயில் பட்டது அதுதான்.

அப்போதுதான் ஒரு சைக்கிள் வந்து வேப்பமரத்தடியில் நின்றது. நெற்றியில் மெல்லியதாக நாமம் இட்ட முதியவர் இறங்கினார். ஆராவமுதன். சுகாதாரத் துறையில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு வீடாக வந்து பிள்ளைகளுக்கு அம்மை குத்தியவர் என்பதால், இந்தத் தெருவில் பாதிப் பேரின் தோளில் அவர் கைவைத்த தழும்பு உண்டு.

முத்துவீரன் எழுந்தார். கைகூப்பினார்.

"எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது முத்துவீரா. பால்காரன் சொன்னான்." அவர் உள்ளே வந்து, பெஞ்சின் தலைமாட்டில் நின்று, கைகூப்பிக் கண்ணை மூடினார். கண்ணைத் திறந்ததும் சுவரில் திருப்பி மாட்டிய படங்களைப் பார்த்தார்.

"அந்தப் படம் இன்னும் இருக்கோ?"

"எந்தப் படம் சாமி?" என்றார் சேதுபதி.

"நான் குடுத்த படம். செவப்புச் சட்டம் போட்டு வெச்சிருந்தா."

சிவப்புச் சட்டம் போட்டது ஒன்றுதான் அந்த வீட்டில். அங்காளம்மாள் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் பொட்டு வைத்த படம். அவர்கள் வீட்டில் அதற்கு முத்துமாரி என்று பேர். குழந்தை வடிவில் வந்த மாரியம்மன். கண்ணாடியின் மேல் சந்தனமும் குங்குமமும் வருஷக்கணக்காகப் படிந்து, அம்மன் முகம் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்றே தெரியாது. துடைக்கக் கூடாது என்பது அத்தையின் உத்தரவு. இடப்பக்கக் கீழ் ஓரத்தை மட்டும் அத்தையே முந்தானையால் துடைப்பாள். அங்கே யாரையும் பொட்டு வைக்க விடமாட்டாள். சுத்தமாக இருந்த அந்த ஓரத்தில் ஒரு கை தெரியும். அம்மன் ஆசீர்வாதம் செய்யும் கை என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது சேதுபதி ராஜபாளையத்திலிருந்து வந்து, அந்தப் படத்துக்கு முன் நெடுஞ்சாண்கிடையாக விழுவார். ஏட்டாகப் பதவி உயர்வு வந்ததும் அந்தப் படத்துக்கு வேண்டிக்கொண்டுதான் என்று அவரே சொல்வார்.

"முத்துமாரி படமா?" என்றாள் அங்காளம்மாள்.

ஆராவமுதன், பின்னாலேயே உள்ளே வந்து நின்ற முத்துவீரனைப் பார்த்தார். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. முத்துவீரன் தலையை அசைத்தார்.

"அது மாரியம்மன் இல்லேம்மா. சர்க்கார் படம். பெரியம்மை வந்த கொழந்தையோட போட்டோ."

"சர்க்கார் படமா?" என்றார் சேதுபதி.

"அப்பல்லாம் எங்களுக்கு இந்த மாதிரிப் படம் குடுப்பா. அதைத் தூக்கிண்டு வீடு வீடாப் போகணும். 'இந்த மாதிரி கொப்புளம் யாருக்காவது வந்திருக்கா'ன்னு காட்டிக் கேக்கணும். வந்திருந்தா ஒளிக்காமச் சொல்லுவான்னு மேல இருக்கறவாளுக்கு நெனப்பு." அவர் இலேசாகச் சிரித்தார். "இங்க என்ன நடக்கும்? நான் படத்தைப் பிரிச்சதும் பொம்மனாட்டிகள்ளாம் 'தாயே'ன்னு கன்னத்துல போட்டுப்பா. செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்கோம்பா. சுந்தரபாண்டியத்துல ஒரு வீட்டுல படத்துக்குச் சூடமே காட்டிட்டா. நோயைக் காட்டினா சாமியைப் பாக்கறா. தலையில அடிச்சுப்பேன். இந்த வீட்டுக்கும் வந்தேன். இதே எடத்துலதான் பிரிச்சுக் காட்டினேன். இருளம்மா கும்பிடலை. படத்தை என் கையிலேர்ந்து வாங்கினா. அப்படியே தரையில உக்காந்துட்டா."

ஆராவமுதன் பெஞ்சுக்குப் பக்கத்துத் தரையைக் கையால் காட்டினார்.

"'சாமி, இது நான்தான்'னா. எனக்கு ஒரே பயமாப் போயிடுத்து. கிழிச்சுடுவான்னு நெனச்சேன். கிழிச்சா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். ஆனா அவ மூஞ்சியைப் பாக்கவே இல்லை. ஓரத்தைத் தொட்டு, 'இது எங்க ஆத்தா கை'ன்னா."

சேதுபதி ஆணியில் தொங்கிய அந்தச் சட்டத்தை நோக்கி ஓரடி வைத்தார்.

அங்காளம்மாளுக்கு அந்தக் கதையின் மறுபாதி தெரியும். அப்பா சொல்லிச் சொல்லிக் கேட்டதுதான். அவர்கள் பிறந்த ஊரான வன்னியம்பட்டியில் ஒரு கோடையில் அம்மை வந்து பாதித் தெரு காலியானது. அக்காளுக்கு அம்மை கண்டதும், பால்குடி மறக்காத சேதுபதியைச் சித்தி வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அவர்களுடைய ஆத்தா வேப்பிலையோடு மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகளுக்கு முத்து இறங்கியது. ஆத்தாளுக்கு ஏறியது. அம்மையில் செத்தவள் என்று கொட்டு இல்லை, கூட்டம் இல்லை. யாரோ கட்டை வண்டியில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். 'எங்க ஆத்தா கறுப்பா செவப்பான்னு கூட எனக்குத் தெரியாது' என்று அப்பா குடித்திருக்கும் ராத்திரிகளில் சொல்வார். குடிக்காதபோது சொல்லமாட்டார்.

"அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது" என்றார் ஆராவமுதன். "யாரோ டாக்டர், கறுப்புத் துணி போத்தின பெரிய கேமராவோட வந்தாராம். கொழந்தைக்குத் தலை நிக்கலை. தொங்கிப் போறது. அம்மாக்காரி பக்கத்துல குந்தி உக்காந்து தாடையைத் தாங்கிப் பிடிச்சாளாம். 'நீ படத்துல வரக்கூடாது, கை மட்டும் இருக்கட்டும்'னு சொல்லி டாக்டர் எடுத்தாராம். நான் அந்தப் படத்தைத் தூக்கிண்டு எத்தனை ஊர் அலைஞ்சிருப்பேன்! அதுல ஒரு கை இருக்குன்னு அவ சொல்லித்தான் பாத்தேன்."

அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்புறம் வந்த படங்கள்ல சர்க்கார்ல கையை வெட்டிட்டா. நோயைக் காட்டணும், கை எதுக்குன்னு நெனச்சிருப்பா. பெரியம்மை ஒழிஞ்சாச்சுன்னு உத்தரவு வந்து, எல்லாப் படத்தையும் மூட்டையாக் கட்டிப் போட்டோம். அன்னிக்கு இருளம்மா வந்து கேட்டா. மூட்டையைப் பிரிச்சு விட்டேன். எல்லாத்தையும் ஒதுக்கிட்டு, கை வெட்டாத படம் ஒண்ணை அடியிலேர்ந்து தேடி எடுத்துண்டு போனா."

சேதுபதி மெதுவாகத் தன் மைத்துனரைத் திரும்பிப் பார்த்தார். "எங்கிட்ட ஏன் மச்சான் ஒரு வார்த்தை சொல்லல?"

முத்துவீரன் காலையிலிருந்து முதல் தடவையாகப் பேசினார். குரல் கரகரத்தது.

"நான் சொல்லச் சொன்னேன் மாப்ள. அவதான் வேண்டாம்னா. 'ஆடிக்கு ஆடி வந்து அவன் பாட்டுக்கு விழுந்து கும்புடுதான். சாமின்னு கும்புட்டா என்ன, ஆத்தான்னு கும்புட்டா என்ன, போறது அவளுக்குத்தான் போகுது. ஆத்தான்னு தெரிஞ்சா எந்தம்பி அழுவான். விட்டுருங்க'ன்னா."

சேதுபதி சட்டைப் பையில் எதையோ தேடுவதுபோல் தடவினார். எதையும் எடுக்கவில்லை.

"மாமா" என்றாள் அங்காளம்மாள். "போட்டோ வேண்டாம்னு அத்தை சொன்னது தழும்புக்காக இல்லையா?"

"நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சேன் தாயி. கலியாணம் ஆன புதுசுல ராசபாளயம் ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போனேன். புதுச் சேலை, பூவெல்லாம் வச்சு. படி ஏறுனவ திரும்பி எறங்கிட்டா. மூஞ்சிக்கு வெக்கப்படுதான்னு நானும் விட்டுட்டேன். இந்தப் படம் வந்த அன்னிக்கு ராத்திரிதான் சொன்னா. அந்தப் பொட்டியப் பாத்தாலே தல தொங்கிப் போகுமாம். 'எங்க ஆத்தா கை இல்லாம அதுக்கு முன்னால நான் எப்படி நிப்பேன்'னா."

அங்காளம்மாள் எழுந்து போய், ஆணியிலிருந்து சிவப்புச் சட்டத்தை இறக்கித் திருப்பினாள். இத்தனை வருஷமாக அவள் விரல் தொட்ட பொட்டுகள். இப்போது அவற்றுக்கு அடியில் ஒரு பிள்ளையின் கன்னமும் மூடாத கண்ணும் இருப்பது புகைபோலத் தெரிந்தது. முத்து முத்தாகக் கொப்பளித்த இடமெல்லாம் குங்குமத்தால் மூடியிருந்தது. ஓரத்தில் அந்தக் கை. மெலிந்த மணிக்கட்டு, அதில் ஒரு ஈயக் காப்பு. கட்டைவிரல் பிள்ளையின் தாடையோரத்தில் அழுந்தாமல், சும்மா சாத்தியதுபோல் இருந்தது. அழுத்தினால் கொப்புளம் உடையும். வலிக்கும். அந்தக் கைக்கு அது தெரிந்திருந்தது.

படத்தை மறுபடி ஆணியில் மாட்டினாள். சுவரைப் பார்க்க அல்ல, கூடத்தைப் பார்க்க.

பிறகு அத்தையின் தலைமாட்டில் மண்டியிட்டு, உச்சி முடிச்சை அவிழ்த்தாள். பேண்டேஜ் துணியை உருவியதும் வாய் மெல்லத் திறந்துகொண்டது. அங்காளம்மாள் இடது கையை மோவாய்க்கு அடியில் கொடுத்துத் தாங்கினாள். உதடுகள் சேர்ந்தன.

"மாமா" என்று முத்துவீரனைக் கூப்பிட்டாள். "எங்கைய வச்சிருந்தா அத்தை கோவிப்பாகளா?"

முத்துவீரன் பெஞ்சின் அருகில் வந்து நின்றார். பொண்டாட்டியின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டார். அவ்வளவுதான். பிறகு வாசலுக்குப் போய்ச் சமுத்திரத்தைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

சமுத்திரம் உள்ளே வந்து குனிந்து பார்த்தார். சன்னல் பக்கம் பார்த்தார். ஒரு அடி பின்னால் போனார்.

"வெளிச்சம் ஒரு பக்கமா விழுது. இப்படியே எடுத்தா தழும்புல எல்லாம் நெழல் கட்டும். அந்தப் பக்கம் யாராவது வெள்ளைத் துணி ஒண்ண விரிச்சுப் பிடிச்சா, அவிய மொகம் சாந்தமா விழும்."

யாரும் அசைவதற்குள் சேதுபதி, சடங்குக்கென்று வாங்கி வைத்திருந்த புது வேட்டியைப் பிரித்தார். இரண்டு முனையையும் பிடித்து, கைகளை அகல விரித்துக்கொண்டு அக்காளின் வலப்பக்கம் நின்றார். வேட்டியில் பட்ட மார்கழி வெயில் இருளம்மாளின் கன்னத்தில் விழுந்தது. பள்ளங்கள் நிரம்பியதுபோல் இருந்தது.

சமுத்திரம் கேமராவுக்குள் பார்த்தார். "உங்க கை விழும்மா. பரவால்ல, பிரிண்ட் போடும்போது வெட்டிருதேன். மொகம் மட்டும் வரும்."

"வெட்டக் கூடாதுண்ணே."

"இல்லம்மா, பாக்க நல்லா இருக்காது. யாரு கைன்னு கேப்பாக."

"கேக்கட்டும். வெட்டாதீங்க."

சமுத்திரம் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். வெளியே உட்கார்ந்திருந்தபோது பேச்சு அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். "வெட்டலம்மா" என்றார்.

மறுபடி குனிந்தார். அவர் எடுக்கவில்லை.

"ஏட்டையா" என்றார் மெதுவாக. "துணி ஆடுது."

சேதுபதியின் முகம் வேட்டிக்குப் பின்னால் இருந்தது. யாருக்கும் தெரியவில்லை. மந்திரிமார் வருகைக்கெல்லாம் வெயிலில் அசையாமல் நின்ற மனிதர். சமுத்திரம் அவசரப்படுத்தவில்லை. ஆராவமுதன் கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்தப் பக்கம் போய் வேட்டியின் ஒரு முனையைத் தான் வாங்கிப் பிடித்துக்கொண்டார். தீட்டு வீட்டில் தொட்டதற்கு அவர் வீட்டுக்குப் போய்த் தலைமுழுக வேண்டியிருக்கும். துணி நின்றது.

கேமரா ஒரு தடவை சொடுக்கியது.

"இன்னொண்ணு" என்றார் சமுத்திரம். "வீட்டுக்கு ஒண்ணு இருக்கட்டும்."

அதற்குப் பிறகு எல்லாம் அதது அதன் நேரத்தில் நடந்தது. குடங்களில் நீர்மாலைத் தண்ணீர் வந்தது. மறைப்புக் கட்டிக் குளிப்பாட்டினார்கள். சுமங்கலி என்று கன்னம் நிறைய மஞ்சள் பூசி, நெற்றியில் பெரிய பொட்டு வைத்தார்கள். பிறந்த வீட்டுச் சேலையைச் சேதுபதி போர்த்தினார். கொட்டுக்காரர்களிடம் அவர் போய், எங்கேயும் நிறுத்தாமல் சுடுகாடு வரைக்கும் அடிக்கவேண்டும் என்று சொன்னார். அவர் அப்படிக் கேட்டது ஏன் என்று அங்காளம்மாளுக்குப் புரிந்தது. முத்துவீரனே கொள்ளிச்சட்டியை எடுத்தார். பெண்கள் தெருமுனை வரை போய் நின்றார்கள். கொட்டுச் சத்தம் வைத்தியநாத சுவாமி கோயில் மதிலைச் சுற்றி, தெப்பத்தைத் தாண்டி, மெல்ல மெல்ல இறங்கியது. அது கேட்கிறவரைக்கும் அங்காளம்மாள் நின்றாள்.

வீடு கழுவி, தலைமுழுகி, ஈரச் சேலையைப் பிழிந்து உடுத்திக்கொண்டு அவள் கூடத்துக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பெஞ்சு கிடந்த இடத்தில் யாரோ விளக்கு ஏற்றி, சொம்பில் தண்ணீர் வைத்திருந்தார்கள். முத்துவீரன் வாசலில் ஈரத்துண்டோடு படுத்திருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் அவர் தலைக்கு ஒரு மணை வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

அப்பா சுவரோரத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டை போடவில்லை. தலையிலிருந்து இன்னும் நீர் சொட்டியது. அவருக்கு நேர் மேலே சிவப்புச் சட்டம்.

அங்காளம்மாளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பதினாறு முடிகிறவரை படங்கள் சுவரைப் பார்த்துத்தான் இருக்கவேண்டும். அவள் எட்டி அதைத் திருப்பப் போனாள்.

"இருக்கட்டும்" என்றார் சேதுபதி, நிமிராமல்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். இடது கை இன்னும் மரத்துப்போய் இருந்தது. விரலிடுக்கில் மஞ்சள் போகவில்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். காலையிலிருந்து இப்போதுதான் உட்காருகிறாள். உட்கார்ந்ததும் கண் சொருகியது. தலை ஒரு பக்கமாகத் தொங்கிப் போனது. சேதுபதி பார்த்தார். கொஞ்சம் நகர்ந்து, மகளின் தலையைத் தன் தோளில் வாங்கிக்கொண்டார்.

விளக்கு ஆடாமல் எரிந்தது. எல்லாச் சாமியும் சுவரைப் பார்த்திருக்க, அந்த ஒரு படம் மட்டும் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.